குற்றாலத்து ராணிக்கு ஒரு நாள் சோதனை

வெள்ளிக்கிழமை காலை. திருநெல்வேலி ஜங்ஷனில் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய தென்காசி பஸ் ஆறு இருபதுக்குப் புறப்பட்டது. டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். தூரம் ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். ஆனி மாதம் பிறந்துவிட்டால் இந்தத் தடத்தில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கையில் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் இருக்கும். எங்கள் கையில் இருந்தவை ஒரு திருப்புளி செட், டார்ச் விளக்கு, மல்டிமீட்டர், கால் கிலோ ஈயக் கம்பி. கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, குளிக்கப் போறியளா, அருவிய ரிப்பேர் பாக்கப் போறியளா?"

பஸ்ஸே சிரித்தது, என் பள்ளித் தோழர் சிதம்பரநாதனைத் தவிர. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண் பார்க்கப் போகிறவரிடம் தரகர் கிண்டல் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

சிதம்பரநாதன் சென்னையில் மோட்டார் உதிரி பாகம் விற்றுப் பணம் சம்பாதித்து, அந்தப் பணத்தில் பின்பால் மிஷின் சேர்ப்பவர். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது கண்ணாடி மூடிய ஒரு சாய்வு மேசை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் ஓர் எஃகுக் குண்டு மேலே ஓடி, ரப்பர் வளையங்களில் முட்டி, மணியடித்து எண்ணை ஏற்றிக்கொண்டு கீழே உருளும். இரண்டு பக்கமும் பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் இரண்டு சிறு மட்டைகள் துடித்துக் குண்டைத் திரும்ப மேலே தள்ளும். மட்டைகளுக்கு நடுவே விழுந்தால் குண்டு போயிற்று. தலைமாட்டில் நிற்கும் பலகைக் கண்ணாடியில் ஒரு வண்ணப் படமும் எண் சக்கரங்களும் இருக்கும். இவ்வளவுதான் விஷயம். சென்னையில் இவற்றைச் சேர்ப்பவர்கள் மொத்தம் நான்கு பேர். நால்வரும் மாதம் ஒரு முறை கூடி, ஒருவரிடம் இருப்பது மற்ற மூவரிடமும் இல்லை என்று நிரூபித்துக்கொள்வார்கள்.

நானோ தூத்துக்குடித் துறைமுகச் சுங்கத்தில் சரக்கு மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் பெட்டியைத் திறப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இந்த மிஷின்கள் கப்பலில் வந்து இறங்கிய நாட்களில் பலவற்றை நான் குடல் உருவிப் பார்த்திருக்கிறேன். அந்த யோக்கியதையில்தான் சிதம்பரநாதன் என்னைத் துணைக்கு அழைத்தார்.

குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், இசக்கிமுத்து என்பவர் சீசனுக்கு மட்டும் ஒரு விளையாட்டுக் கொட்டகை போடுகிறார். அதில் 'ராணி' இருக்கிறது. ராணி என்பது நான்கு பேர் கழகம் அந்த மிஷினுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர். மிகக் குறைவாகச் செய்யப்பட்டது, இந்தியாவில் இரண்டு இருந்தால் அதிகம், படத்துக்கு ஈடு கிடையாது என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சிதம்பரநாதன் தன்னிடமுள்ள ஒன்பதில் நன்றாக ஓடும் இரண்டைக் கொடுத்து ராணியை வாங்குவதாகக் கடிதப் போக்குவரத்தில் பேசிவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆடி முதல் ஞாயிறன்று ராணியைப் பார்க்க வரும்படி மற்ற மூவருக்கும் விருந்து அழைப்பும் கொடுத்துவிட்டார். ராணி வராவிட்டால் அவர் அந்த மூவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் இந்தப் பயணத்தின் பாரம். மல்டிமீட்டர் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்றில் ஈரம் வந்தது. நான் பேச்சைத் தொடங்கினேன்.

"வே, இந்த ராணிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?"

"எல்லாரும் தேடுதாங்க."

"ஏன் தேடுதாங்க?"

"மதிப்பு கூடியிருக்குல்லா."

"நீரு அதுல ஆடியிருக்கீரா?"

"ஆடுததுக்கா வாங்குதாங்க?" என்றார் அவர், கோயில் யானையை உழவுக்குக் கேட்டவனைப் பார்ப்பதுபோல.

அவருடைய ஒன்பது மிஷின்களை நான் அறிவேன். ஒன்று பேசும். பேசும் மிஷின்களில் முந்தியது என்று அதற்குப் பெரிய பேர். அது மூன்று வாக்கியம் பேசும். அந்த மூன்றையும் அவர் மனைவி சமையலறையிலிருந்தே மிஷினுக்கு முன்னால் சொல்லிவிடுவார். இன்னொன்று மாடி வைத்தது. மேல்மாடிக்குக் குண்டு ஏறினால் இறங்காது. கண்ணாடியைக் கழற்றிக் கையால் எடுத்துவிட வேண்டும். ஏதோ ஒன்றில் முதலாவதாக இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது எந்தச் சரக்குக்கும் பொருந்தும். ஆனால் சேகரிப்பவர்களிடம் இதைச் சொன்னால் நமக்கு ரசனை இல்லை என்பார்கள். ஒன்பதுக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறார். அவர் கார் ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

தென்காசியில் இறங்கியபோது மணி எட்டே கால். கோபுரம் வழக்கம்போல மொட்டையாக நின்றது. வாசலில் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளியது. கோயிலை ஒட்டிய காப்பி கிளப்பில் ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, அறுபது பைசா டிக்கெட்டில் டவுன் பஸ் பிடித்தோம். குற்றாலம் ஆறு கிலோமீட்டருக்குள்தான். பாதி வழியில் சாரல் ஆரம்பித்தது. மழை என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத அந்தத் தூவலில் நனைந்தால் யாருக்கும் கோபம் வராது. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன்.

கொட்டகையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. தகரக் கூரை, மூன்று பக்கம் தார்ப்பாய், முன்னால் மங்குஸ்தான் பழம் நிறைந்த கூடை. நுழைவாயிலில் ஒரு முக்காலி, அதன்மேல் வெண்கலக் கும்பாவில் பயற்றமாவு. குற்றாலத்துக்கு வருகிறவன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிவான். அந்தக் கையோடு மிஷினைத் தொட்டால் பொத்தான் வழுக்கும், கண்ணாடி மங்கும். ஆகையால் மாவில் கை தேய்த்துத் துண்டில் துடைத்தவனுக்குத்தான் ஆட்டம். இந்தச் சட்டத்தை அமல்படுத்துகிறவர் இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள். சில்லறை மாற்றிக் கொடுப்பதும் பழம் விற்பதும் அவரே. சாக்கை மடித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சில்லறை, காலடியில் கூடை.

"கையக் காட்டுங்க" என்றார் எங்களிடம்.

"நாங்க ஆட வரல. மெட்ராஸ்லேர்ந்து ராணியப் பாக்க வந்திருக்கோம்" என்றார் சிதம்பரநாதன்.

பேச்சியம்மாள் உள்ளே திரும்பினார். "ஏங்க, ஒங்க மகாராணிய எடுத்துட்டுப் போறதுக்கு ஆள் வந்தாச்சு. சீக்கிரம் வாங்க, மனசு மாறிரப் போவுது."

இசக்கிமுத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் துண்டு, நெற்றியில் சந்தனம். வணக்கம் சொன்னாரே தவிர முகத்தில் சந்தோஷமில்லை. ராணியை அவர் நிறுத்தியிருந்த இடத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கொட்டகையிலேயே ஒழுகாத ஒரே மூலை, நடுநாயகமான இடம், கீழே பலகை, மேலே ரோஜாப்பூ மாலை. கண்ணாடியில் நிலவொளியில் ஒரு ராணி, காலடியில் இரண்டு சிறுத்தை, பின்னால் வெள்ளி நிறக் கோட்டை. உண்மையிலேயே அழகான படம். ஒரு கீறல் இல்லை. பொத்தான்கள் நேற்று பொருத்தியவை போல மின்னின. சிதம்பரநாதன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"எஸ்டேட் கிளப்பை மூடும்போது எடுத்தது, அண்ணாச்சி" என்றார் இசக்கிமுத்து. "மேல மலையில வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்பு. ராணியத்தான் கேட்டேன். இன்னொண்ணையும் சேத்து எடுத்தாத்தான் தருவோம்னுட்டாவ. அதுதான் அங்கன நிக்கி."

அங்கன, பின்மூலையில், ஒழுகும் கூரையின் கீழ், மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்புக் கட்டி, மற்றொரு மிஷின் நின்றது. அதன் படக் கண்ணாடி மலையிலிருந்து இறக்கும்போதே உடைந்து, பதிலுக்கு ஒட்டுப்பலகை அடித்து, தென்காசி போர்டு ஓவியர் ஒருவர் அதில் ஒரு சேவல் வரைந்திருந்தார். சேவலுக்கு மீசை இருந்ததுபோல் எனக்குப் பட்டது. உள்மணி உடைந்துபோய் சைக்கிள் மணி மாட்டியிருந்தார்கள். எண் சக்கரம் நான்கில் இடதுகோடிச் சக்கரம் சுற்றாது. ஆயிரத்துக்கு மேல் அந்த மிஷினுக்குக் கணக்குத் தெரியாது. பெயர் கோழி. அதன் முன்னால் ஈரத் துண்டோடு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ராணியின் முன்னால் நாங்கள் மட்டும்.

"இங்க ஏன் யாரும் ஆடல?" என்று கேட்டேன்.

"ராணி ஐம்பது பைசா, கோழி நாலணா. தரத்துக்கு ஏத்த ரேட்டு வைக்கணும்லா. சனங்களுக்குக் கட்டுப்படி ஆவல."

சிதம்பரநாதன் பலமாகத் தலையாட்டினார். ராணியைக் கொடுக்க மனமில்லாதவரும் அடைய வந்தவரும் ஒரே குரலில் அதன் பெருமையைப் பேசத் தொடங்கினார்கள். இரண்டு மிஷின் போதாது, இரண்டரையாவது வேண்டும் என்கிற ரீதியில் பேரம் போயிற்று. பேச்சியம்மாளின் முகம் இருண்டுகொண்டே வந்தது. ராணி போனால் அந்த உலர்ந்த மூலைக்குக் கோழி வரும் என்பது ஒன்றே அவருடைய கணக்கு என்று அப்புறம் சொன்னார். போன சீசனில் கோழிக்குள் தண்ணீர் இறங்கி ஐந்து நாள் ஆட்டமில்லை.

நான் குறுக்கிட்டேன். எதையும் சோதிக்காமல் பொறுப்பேற்பது என் சுபாவத்தில் இல்லை. வெளிச்சோதனை, உட்சோதனை, ஓட்டச் சோதனை என்று மூன்று உண்டு. முதல் இரண்டையும் மத்தியானத்துக்குள் முடித்தேன். உள்ளே தேய்மானம் அறவே இல்லை. மின்சாரத் தொடுமுனைகள் வெள்ளி மாதிரி இருந்தன. கிளப்பில் எத்தனை வருஷம் இருந்தது என்று கேட்டேன். பதினைந்து இருக்கும் என்றார் இசக்கிமுத்து. பதினைந்து வருஷம் குடிப்பதையும் மழையைப் பார்ப்பதையும் தவிர வேறு வேலையில்லாத ஒரு கிளப்பில் இருந்தும் தேயாத மிஷின். எனக்குச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. கோழியின் அடிப்பக்கத்தையும் எட்டிப் பார்த்தேன். தொடுமுனைகள் பாதியாகத் தேய்ந்திருந்தன.

"மூணாவது சோதனை பாக்கி" என்றேன். "நாளைக்கு ஒரு முழு நாள் ஆள் ஆடணும். ரேட்டு ஒரு தடங்கலா இருக்கக் கூடாது. ராணிய நாளைக்கு இலவசமா விடுங்க."

"வே, உம்ம ஆபீஸ் புத்தி போகவே போகாதா?" என்றார் சிதம்பரநாதன்.

இசக்கிமுத்துவுக்கோ பெருமை பொங்கிவிட்டது. "விடுதேன். கூட்டத்தை நீங்கதான் சமாளிக்கணும்."

சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே அருவியின் சத்தம் மாறியிருந்தது. மலைமேல் நல்ல மழை. எட்டு மணிக்குப் பேரருவியில் குளிப்பவர்களின் பாதுகாப்புக்குக் கட்டிய வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டார்கள். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியவர்கள் எண்ணெய் தேய்த்த உடம்போடு எங்கே போவது என்று தெரியாமல் கடைத்தெருவில் நடந்தார்கள். ஒன்பது மணிக்கு அந்தக் கூட்டம் அத்தனையும் கொட்டகைக்குள் இருந்தது. பயற்றமாவை இரண்டு முறை நிரப்பினார்கள். ஓட்டச் சோதனைக்கு இதைவிட நல்ல நாள் எந்த இலாகாவுக்கும் வாய்க்காது.

ராணிமேல் ஓர் அட்டை: இன்று இலவசம். கூட்டம் அங்கேதான் முதலில் பாய்ந்தது. சிதம்பரநாதன் என் விலாவில் இடித்தார். "பாத்தீரா?"

பார்த்தேன். முதல் ஆள் ஆடினார். குண்டு மேலே போய் ராணியின் கிரீடம் என்று வரைந்திருந்த ஒரு சந்துக்குள் நுழைந்து ஆயிரம் ஏற்றியது. நேராகக் கீழே வந்தது. மட்டைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை படுக்கலாம். குண்டு போயிற்று. அடுத்த குண்டு, அதே சந்து, அதே ஆயிரம், அதே சாவு. வேறு எங்கும் போக அதற்கு இடமில்லை; மேசையின் முக்கால் பாகம் படம் வரைவதற்காக விட்டிருந்தது. வீரகேரளம்புதூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு அம்மாள் இரண்டாவது குண்டிலேயே பொத்தானை விட்டுவிட்டார்.

"இன்னும் மூணு குண்டு இருக்கே, அம்மா" என்றேன்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. ஏட்டி செல்வி, கோழி வரிசையில எடம் பிடி."

பத்தரை மணிக்கு ராணியின் முன்னால் ஒருவருமில்லை. சும்மா கொடுக்கிற மிஷின் தனியாக ஜொலித்துக்கொண்டு நின்றது. நாலணா கேட்கிற மிஷினுக்கு வரிசை தார்ப்பாயைத் தாண்டி, சாரலில், அடுத்த பழக்கடை வரை போயிருந்தது.

அந்த வரிசையில் ஏன் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். கோழியின் மட்டைகள் நெருக்கம், வளையங்கள் நெருக்கம், குண்டு எங்கே திரும்பும் என்று அதற்கே தெரியாது. ஆனால் வரிசைக்குக் காரணம் அது மட்டுமல்ல. இடதுகோடிச் சக்கரம் சுற்றாததால் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் சைக்கிள் மணி அடிக்கும்போது வரிசையில் நிற்கிறவர்கள் எண்ணினார்கள். "ஒண்ணு" என்று நான்கு பேர் சொன்னால், "ரெண்டு" என்று பத்துப் பேர். "அஞ்சு" என்னும்போது வெளியே பழம் வாங்குகிறவனும் சேர்ந்துகொள்வான். பத்து வந்தால் மறு ஆட்டம் இலவசம் என்பது பேச்சியம்மாள் போட்ட சட்டம். ஆசையில் யாராவது மிஷினை அதிகம் குலுக்கினால் உள்ளே தொங்கும் ஊசல் தட்டி விளக்கெல்லாம் அணைந்துவிடும். எல்லா மிஷினிலும் உள்ள ஏற்பாடுதான். சிதம்பரநாதனின் கழகத்தில் இதற்கு ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. இங்கே, "கோழி கோவிச்சிட்டு."

கரிசல் காட்டுத் திருவேங்கடத்துக்காரர் ஒருவர், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர், ஆறாவது முறை வரிசையில் நின்றார். மனைவி வந்து, "ஐந்தருவியில தண்ணி கொறஞ்சிட்டாம், குளிக்க விடுதாவளாம்" என்றார்.

"நீ போய்க் குளி. எனக்குக் கோழிகிட்ட ஒரு சோலி கெடக்கு."

"தண்ணி காணாத ஊர்லேர்ந்து குளிக்கன்னு வந்துட்டு, மாவுல கை கழுவிட்டு நிக்காக" என்று வரிசையிடம் முறையிட்டார் அந்த அம்மாள். வரிசை அனுதாபப்பட்டது. யாரும் நகரவில்லை.

ராணியருகே சிதம்பரநாதன் விறைத்து நின்றார். "சனங்களுக்கு ரசனை இல்ல" என்றார்.

"நீரு ஆடும்."

அவர் ஆடினார். முதல் ஆட்டத்தை ஆராதனையோடு ஆடினார். இரண்டாவதை உத்தியோக தோரணையில் ஆடினார். மூன்றாவதின் நடுவில் ஒரு கொட்டாவி வந்தது. அதை அவர் இருமலாக மாற்றினார். ஆனால் இசக்கிமுத்து பார்த்துவிட்டார். தன் ராணியின் முன்னால் ஒரு மனிதர் கொட்டாவி விட்டதைப் பார்த்த அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பேச்சியம்மாள் சில்லறை எண்ணியபடியே சொன்னார்: "இத்தன வருசத்துல ராணி ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல, அண்ணாச்சி. யாராவது குலுக்கினாத்தான கோவம் வரும். அது பாட்டுக்கு நிக்கி, சனங்க பாட்டுக்குப் போறாவ."

மிஷின் தோற்கடிக்கும்போது அதைப் பிடித்து உலுக்கத் தோன்ற வேண்டும். ராணியிடம் தோற்றவர்கள் அனைவரும் மரியாதையாக நகர்ந்துவிட்டார்கள். இதற்குமேல் ஒரு மிஷினைப் பற்றி அறிக்கை எழுத ஒன்றுமில்லை. குறைவாகச் செய்தார்கள், ஏனென்றால் ஒன்றை வாங்கியவன் இரண்டாவதைக் கேட்கவில்லை. அழியாமல் இருக்கிறது, ஏனென்றால் யாரும் தொடவில்லை. அபூர்வம், புத்தம்புது என்று சென்னையில் கண்கள் விரிய அவர்கள் சொல்லிக்கொண்ட இரண்டு பெருமைகளும் உண்மையில் புகார் மனுக்கள்.

இதை நான் சொல்ல வாயெடுத்தபோது சிதம்பரநாதன் பக்கத்தில் இல்லை. கும்பாவுக்கு முன்னால் நின்று மாவில் கை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பொறங்கை" என்றார் பேச்சியம்மாள். அவர் புறங்கையையும் தேய்த்தார்.

முதல் முறை இரண்டு எண்ணிக்கையோடு குண்டுகள் தீர்ந்தன. வரிசையின் கடைசிக்குத் திரும்பினார். மறுமுறை நான்கில் கோழி கோபித்துக்கொண்டது. "மெட்ராஸ் சார், அது ஒங்க காரில்ல, இடிக்கதுக்கு" என்றார் பட்டாளத்துக்காரர். மூன்றாம் முறை அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அறுபது வயது, உருண்டையான வயிறு, பனியன், முழங்கை வரை பயற்றமாவு. கண்ணாடிக்குள் அந்தக் குண்டு செத்துச் செத்துப் பிழைத்தது. ஐந்து. ஆறு. கொட்டகை முழுவதும் எண்ணியது. ஏழில் குண்டு நடுவே வந்தது. அவர் இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினார். கோழிக்குக் கோபம் வருவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நின்ற தட்டு அது. குண்டு மட்டைமேல் ஏறியது. எட்டு. இந்தச் சமயத்தில் போலீஸ்காரர் ஒருவர் தார்ப்பாயை விலக்கி, "பேரருவியில கயித்த அவுத்தாச்சு, போறவங்க போகலாம்" என்றார்.

"இருங்க சார், எட்டு ஆயிருக்கு" என்றது கூட்டம்.

போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ஒம்பது" என்றபோது அவர் குரலும் இருந்தது. பத்தாவது மணி அடித்ததா இல்லையா என்று யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். பட்டாளத்துக்காரர் சிதம்பரநாதனைத் தூக்கப் பார்த்து, மாவும் வேர்வையும் வழுக்க, கீழே வைத்துவிட்டார். எனக்குச் சிதம்பரநாதனை ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருடைய சட்டையை நான் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்தேன் என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

கூட்டம் அருவிக்குக் கலைந்தபின் நாங்கள் நால்வரும் மிஞ்சினோம்.

"ராணிய நீங்க எடுக்க மாட்டிய" என்றார் இசக்கிமுத்து, துண்டால் ராணியின் கண்ணாடியைத் துடைத்தபடி. "சும்மா குடுத்தும் ஆடலயே. நானும் ரேட்டுதான் காரணம்னு நினைச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்க அந்த ரூல்ஸ மட்டும் பேசாம இருந்திருந்தா இந்நேரம் இத லாரில ஏத்தியிருப்போம், அண்ணாச்சி."

என் சோதனை யாருக்கும் லாபமில்லாமல் வெற்றி பெற்றிருந்தது. மூவர் விருந்துக்கு வருகிறார்கள். காட்ட ராணி இல்லை. சிதம்பரநாதன் என்னிடமிருந்து சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு கோழியின் பக்கம் போனார்.

"கோழியத் தாங்க. ரெண்டுக்குப் பதிலா நாலு மிஷின் தாரேன். பேசுத மிஷினும் அதுல சேத்தி."

"கோழியக் குடுத்துட்டுச் சீசனுக்கு நான் பாறையில மணி கட்டி அடிக்கவா?" என்றார் பேச்சியம்மாள். "ஆமா, கொண்டுபோய் என்ன செய்விய?"

"மொதல்ல அந்தச் சக்கரத்த ரிப்பேர் பண்ணணும். ஒரு சின்ன ஸ்பிரிங்தான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

சக்கரம் சுற்றினால் எண்ண ஆள் வேண்டியதில்லை. சென்னைக் கார் ஷெட்டில் எண்ண ஆளும் இல்லை. சிதம்பரநாதன் பையிலிருந்த திருப்புளி செட்டின் மூடியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் பேரருவியில் குளித்தோம். அந்தத் தண்ணீர் தோளில் விழும்போது பென்ஷன், பதவி, முட்டிவலி எல்லாம் பாறையோடு போய்விடுகிறது. தூத்துக்குடியில் உப்புக் காற்றில் குழாய்க்குக் குடம் வரிசை வைக்கிற எனக்கு, இவ்வளவு தண்ணீர் யாருக்கும் கணக்குக் கொடுக்காமல் கொட்டுவது ஒவ்வொரு முறையும் ஒழுங்கீனமாகத்தான் படுகிறது.

பிறகு கொட்டகைக்குப் போய் மிஷின்களை இடம் மாற்றினோம். கோழி உலர்ந்த மூலைக்கு வந்தது. ரோஜாப்பூ மாலையும் அதற்கே போனது. ராணியைப் பக்கச் சுவரோரம் நகர்த்தியதும் பேச்சியம்மாள் சாக்கைச் சுருட்டிவிட்டு, அதன் மேசைக் கண்ணாடிமேல் ஒரு கித்தானை விரித்து, ஒரு பக்கம் சில்லறை டப்பாவும் மறுபக்கம் மங்குஸ்தான் கூடையும் வைத்தார்.

"ராணி மேலயா கூடைய வைக்க?" என்றார் இசக்கிமுத்து.

"சும்மாவே நின்னா அதுக்கும் காலு வலிக்கும்லா."

அவர் சிரித்துவிட்டார். பழம் பன்னிரண்டு கொடுத்து அனுப்பினார்கள். மாலை டவுன் பஸ்ஸில் தென்காசி வந்து, திருநெல்வேலி பஸ் ஏறினோம். ஆலங்குளம் வரை சிதம்பரநாதன் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். விருந்தை நினைக்கிறார் என்று எண்ணினேன்.

"அந்த ஏழாவதுல இடுப்பால தட்டினேன்லா, பாத்தீரா?" என்றார்.

ஆடி விருந்தில் அவர் மூவரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாராம். ராணி வெறும் படம், ஆட ஒன்றுமில்லை, இலவசமாக விட்டும் ஆளில்லை. மூவரும் பாயசம் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, நேரில் பார்த்தும் அவரால் அதை அடைய முடியவில்லை என்றால் அது தாங்கள் நினைத்ததைவிட உயர்ந்த சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். விருந்து முடிந்ததும் கார் ஷெட்டில் ஒன்பது மிஷின்களின் உறைகளும் கழற்றியிருப்பதைப் பார்த்து, துக்கத்தில் அப்படிச் செய்துவிட்டார் என்று வேறு பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆனியில் இருவரும் மறுபடி போனோம். ஐந்து ரூபாய் டிக்கெட் ஐந்தரை ஆகியிருந்தது. பையில் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் மட்டும். கொட்டகையில் கோழியைச் சுற்றி மூன்று புதிய மிஷின்கள் நின்றன. மூன்றிலும் ஆள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ராணியைக் காணோம். பேச்சியம்மாள் பழையபடி சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க சிநேகிதர் பொய் சொல்லுதாருன்னு சொல்லிக்கிட்டு மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, அண்ணாச்சி. மூணு மிஷினக் குடுத்துட்டு ராணியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. ஆடிப் பாத்துட்டு எடுங்கன்னு இவுக தலைபாடா அடிச்சிக்கிட்டாவ. தொட்டே பாக்கல. படத்தப் பாத்தாரு, லாரிய வரச் சொன்னாரு."

"சோதனை எதுவும் கேக்கலியா?"

"ஒங்கள மாதிரி ஆள் கூட வந்தாத்தான கேப்பாவ."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு மூன்று நல்ல வியாபாரம் என்று நானும் அவரைப் பாராட்டினேன். அவர் மடியிலிருந்து நழுவிய சில்லறையை மண்ணில் தேடிப் பொறுக்கியபடி, அவ்வளவாகச் சம்மதமில்லாமல் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிதான். பழம் வைக்கத்தான் மேசை இல்லாமப் போச்சு."

சிதம்பரநாதனிடம் இதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, புறங்கை வரை மாவு தேய்த்துக்கொண்டு, வரிசையில் பதினோராவது ஆளாக நின்று, முன்னால் ஆடுகிறவருக்காக "நாலு" என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்.